செவலைக்கு ஏற்றிய சுண்ணாம்பு

இப்போதெல்லாம் எவனுக்கும் ஒரு பேச்சை முழுதாகக் கேட்கப் பொறுமை இல்லை. பாதியைக் காதில் வாங்குகிறான். மீதியைத் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறான். உடனே ஓடுகிறான். என் கறிக்கடைக்கு வருகிறவர்களைத்தான் சொல்கிறேன். ஒரு கையில் போன், இன்னொரு கையால் கொக்கியில் தொங்குவதைக் காட்டி "அது" என்பான். எது என்று கேட்டால், போனில் இருக்கிறவனிடம் "இருடா, இங்க ஒரு பெருசு உயிரை வாங்குது" என்பான். நான் தொடையை வெட்டி வைத்த பிறகு "விலாதானே கேட்டேன்" என்று என்மேல் பாய்வான். வெட்டியதை ஒட்டியா தர முடியும்?

நான் பள்ளிக்கூடத்துக்குள் இருந்ததைவிட அதன் மதிலுக்கு வெளியே இருந்ததுதான் அதிகம். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் சொன்னதைக் கடைசிவரை கேட்பேன். கேட்ட பிறகு நம்புவதா வேண்டாமா என்பது என் இஷ்டம். பெரும்பாலும் நம்ப மாட்டேன். அது வேறு.

என் தங்கச்சி மகளைக் கட்டியவன் ஒருத்தன் இருக்கிறான். அவன் பாதி கேட்டு ஓடியதால் ஒரு மாட்டின் வாய் வெந்தது, என் உதடு கிழிந்தது. அந்தக் கதைதான் இது.

அன்று காலை வியாபாரம் முடிந்து நான் வெட்டுக்கட்டையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தேன். தங்கச்சி போன் செய்தாள். அவள் அழுதால் எனக்குப் பிடிக்காது. அது அவளுக்கும் தெரியும். மூக்கை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அண்ணே, செவலை படுத்துடுச்சு."

"ஈனப் போற மாடு படுக்காம டான்ஸா ஆடும்?"

"கேலி பண்ணாதண்ணே. விடியும்போதே பனிக்குடம் உடைஞ்சுது. ரெண்டு குளம்பும் வெளியே தெரியுது. அப்புறம் முக்கவே மாட்டேங்குது. கழுத்தை வளைச்சு விலாமேல வச்சுக்கிட்டுக் கெடக்கு. காதைத் தொட்டா சில்லுன்னு இருக்கு."

"டாக்டருக்குச் சொன்னியா?"

"மாப்பிள்ளை போன் போட்டுக்கிட்டே இருக்காரு. நீ கத்தியை எடுத்துக்கிட்டு வந்துடுண்ணே."

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. எனக்குப் புரிந்தது. மூச்சு இருக்கும்போது அறுத்தால் இறைச்சி. மூச்சு நின்ற பிறகு அறுத்தால் குழிதான் தோண்ட வேண்டும். புருஷன் போன நாளிலிருந்து அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் அவள் அடுப்பு எரிகிறது. செவலை போனால் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார வேண்டும். அந்த மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். "அதுக்கு நான் மாட்டோட சேர்ந்து கட்டுத்தறியிலேயே கெடப்பேன்" என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். டயர் கடை, வெல்டிங் பட்டறை, அதையடுத்து ஒரு மோட்டார் மெக்கானிக் ஷெட். அதை ஒட்டிய சந்தில் தங்கச்சி வீடு. பின்பக்கம் தகரக் கொட்டகை. சிமெண்டுத் தரை, நடுவில் சாணி ஓடும் வாய்க்கால், ஒரு மூலையில் வைக்கோல், இன்னொரு மூலையில் சுவருக்கு அடிப்பதற்காக ஊற வைத்த வெள்ளைச் சுண்ணாம்பு வாளி. இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த வாளிதான் வில்லன்.

நான் உள்ளே நுழைந்தபோது மெக்கானிக் வந்துவிட்டிருந்தான். எல்லாரும் அவனை ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் தூக்குகிற செயின் பிளாக்கைக் கொட்டகைத் தூணில் கட்டியிருந்தான். அதன் கொக்கியிலிருந்து ஒரு நைலான் கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனை வெளியே தெரிந்த கன்றின் கால் ஒன்றில் சுருக்குப் போட்டிருந்தது. ஒரே காலில்! மாப்பிள்ளை மாட்டின் பின்பக்கம் குந்தியிருந்தான்.

"இழுடா ஸ்பானர்!"

செயின் கடகடவென்று ஓடியது. கயிறு விறைத்தது. மாடு முக்கவில்லை, கத்தவும் இல்லை. அத்தனை பெரிய உடம்பும் தரையில் தேய்ந்துகொண்டே பின்னால் போனது. இடுப்பு எலும்பு சிமெண்டில் உரசித் தோல் உரிந்து ரத்தம் கோடு போட்டது. தங்கச்சி மாட்டின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவளும் சேர்ந்து இழுபட்டாள்.

"நிறுத்துங்கடா! பாவிங்களா, நிறுத்துங்க!"

"அத்தை, தள்ளுங்க! இப்ப வந்துடும்!"

செயின் இன்னும் இரண்டு கண்ணி ஓடியது. உள்ளே 'மடக்' என்று ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். எலும்பு. ஸ்பானருக்கும் கேட்டிருக்கிறது. கையை எடுத்துவிட்டான். கயிறு தளர்ந்தது. கன்றின் அந்தக் கால் மட்டும் திரும்பக் கூடாத பக்கம் திரும்பித் தொங்கியது.

"ஏன்டா, கார் பம்பரா கழட்டுறே?" என்றேன்.

"உங்க மாப்ளதான் இழுக்கச் சொன்னாரு பெரியவரே" என்றான் ஸ்பானர். முகம் வெளுத்திருந்தது.

அப்போது மாப்பிள்ளையின் போன் அடித்தது. டாக்டரம்மா. அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். சந்தில் தண்ணீர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. அவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு "ஆமா... ஆமா... என்ன கொறைஞ்சிருக்கு? சுண்ணாம்பா? சரி! சரி! ஏத்திடுறேன்!" என்று கத்தினான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே ஓடி வந்தான். அந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை.

"உடம்புல சுண்ணாம்பு கொறைஞ்சு போச்சாம். அதான் முக்கலையாம். டாக்டரே சொல்லிட்டாங்க!"

சொன்ன வேகத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலை வாளிக்குள் அமுக்கி நிரப்பினான். தங்கச்சி "எதுக்கு மாப்ளே?" என்று கேட்பதற்குள் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை மேலே தூக்கி, வாயின் ஓரத்தில் பாட்டிலைச் செருகிவிட்டான்.

அதுவரை செத்ததுபோலக் கிடந்த மாடு துள்ளியது. விழுங்கத் தெம்பில்லாத தொண்டை. போனது பாதி, வந்தது பாதி. இருமியது, மூக்கு வழியாக வெள்ளையாகப் பீறியது. நாக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. நுனியிலிருந்து தோல் சுருண்டு, நுரை இளஞ்சிவப்பாகி, பிறகு ரத்தமாகச் சொட்டியது. பல் கடித்துப் பாட்டிலின் வாய் உடைந்தது. அவன் விடவில்லை. "குடி, குடி" என்று மறுபடி அமுக்கினான்.

நான் அவன் பிடரியில் ஒரு அறை விட்டேன். பாட்டில் பறந்துபோய்ச் சுவரில் உடைந்தது.

"நாக்கை வேக வச்சுட்டியேடா நாயே! வெந்த நாக்கை எவன்டா வாங்குவான்?"

பொய் சொல்வானேன், அப்போது எனக்கு அதுதான் தோன்றியது. மாடு படுகிற வேதனை பிறகுதான் தோன்றியது. என் தொழில் அப்படி.

அவன் திரும்பினான். இளரத்தம், மண்டையில் சூடு. "மாமான்னு பாக்குறேன், இல்லேன்னா" என்றான். இல்லாவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அவன் தலையால் என் வாயில் முட்டினான். என் உதடு கிழிந்து, வாய் நிறைய உப்பு. நானும் சும்மா இல்லை. அவன் சட்டையைச் சேர்த்துப் பிடித்து வாய்க்காலில் தள்ளினேன். போகிறவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். சாணியில் புரண்டோம். அவன் என் விலாவில் குத்தினான். நான் அவன் காதைப் பிடித்து முறுக்கினேன். பிய்த்தே எடுத்திருப்பேன், தங்கச்சி ஒரு வாளித் தண்ணீரை எங்கள் இருவர்மேலும் வீசியடிக்காமல் இருந்திருந்தால்.

"அடிச்சுக்கிட்டுச் சாவுங்க! ரெண்டு பேரையும் சேர்த்தே பொதைக்கிறேன்! அங்க அது கண்ணு சொருகுது!"

உண்மைதான். செவலையின் கண் கண்ணாடிக்கோலி மாதிரி ஆகியிருந்தது. கண்மணியைத் தொட்டாலும் இமை அடிக்கவில்லை. மூச்சு எங்கோ தூரத்தில் ஓடியது. தங்கச்சி என்னைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"அறுத்துடுண்ணே. போதும். அது பட்டது போதும்."

சாக்கைப் பிரித்தேன். மாட்டின் தலையை நீட்டி வைத்து முழங்காலால் அமுக்கினேன். கழுத்தில் கத்தி வைக்கிற இடத்தைக் கட்டைவிரலால் தேடினேன். இந்த வேலையில் கை நடுங்கினால் மாட்டுக்குத்தான் நரகம். என் கை நடுங்காது.

வாசலில் ஸ்கூட்டர் நின்ற சத்தம். ரப்பர் பூட்ஸ் தடதடவென்று ஓடி வந்தது. என் கட்டைவிரல்மேல் இன்னொரு கை விழுந்தது.

"கத்தியை எடுங்க."

மாட்டு டாக்டரம்மா. வயசு என் கடைசி மகளுக்குச் சற்று மேலே இருக்கும். மூச்சு வாங்கியது.

"கையை எடும்மா. பட்டா விரல் போயிடும்."

"போகட்டும். கத்தியை எடுங்க." அப்போதுதான் மாட்டின் முகத்தைப் பார்த்தாள். "யாரு இதுக்கு வெள்ளையடிச்சது?"

ஸ்பானர் மெதுவாக மாப்பிள்ளை பக்கம் கையைக் காட்டினான்.

"நீங்கதானே டாக்டர் சுண்ணாம்பு ஏத்தணும்னு சொன்னீங்க?" என்றான் அவன். சாணியும் தண்ணீருமாக நின்றான்.

"நான் என்ன சொன்னேன்? ரத்தத்துல கால்சியம் கொறைஞ்சிருக்கும், சுண்ணாம்புச் சத்து, நான் வந்து நரம்புல ஏத்துறேன், அதுவரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தாதேன்னு சொன்னேன்!"

"கடைசியா சொன்னது விழலை. லாரி போச்சு."

"சத்துன்னு சொன்னது விழுந்துச்சா?"

"சத்து என்ன, சாறு என்ன டாக்டர். சுண்ணாம்புன்னா சுண்ணாம்புதானே?"

அவன்மேல் முழுப் பழியையும் போட எனக்கும் மனம் வரவில்லை. ஒன்று கல்லைச் சுட்டு நீற்றுவது, இன்னொன்று பாட்டிலில் தண்ணீர் மாதிரி இருப்பது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவன் எவனோ, அவன் கிடைத்தால் அவனுக்கும் ஒரு அறை உண்டு.

டாக்டரம்மா மாட்டின் தலையைத் தாழ்வாகச் சாய்த்து வாயைக் கழுவிவிட்டாள். கழுவக் கழுவ நாக்கிலிருந்து தோல் சுருள் சுருளாக வந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"இன்னும் ஓடுது. ஏத்திப் பாக்கலாம்."

"ஏத்தி, நடுவுல செத்துதுன்னா?" என்றேன். "இப்ப அறுத்தா ஏதோ மிஞ்சும். நீ மருந்து ஏத்தின பிறகு நாய்க்குக்கூடப் போட முடியாது. யோசிச்சுச் சொல்லும்மா தங்கச்சி, மாடு உன்னது."

தங்கச்சி சுவரிலிருந்து திரும்பினாள். என் கத்தியைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள், பிறகு வாய்க்காலில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவனைப் பார்த்ததில்தான் முடிவு எடுத்தாள் என்று நினைக்கிறேன்.

"ஏத்துங்கம்மா."

"சரி. கண்ணு நின்னுதுன்னா நான் கேக்க மாட்டேன், கத்தியை இறக்கிடுவேன்" என்றேன்.

"இறக்குங்க. அதுவரைக்கும் தலையைப் பிடிங்க பெரியவரே. சும்மா உக்காந்திருக்கீங்க இல்ல?"

வாய்த் துடுக்கு. பிடித்தேன். எல்லாரும் சேர்ந்து மாட்டைப் புரட்டி நெஞ்சு தரையில் படிய உட்கார வைத்து, வைக்கோல் மூட்டையை அண்டை கொடுத்தோம். நான் கத்தி வைக்கப் பார்த்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி அவள் ஊசியை இறக்கினாள். கறுத்த ரத்தம் கொப்பளித்தது. குழாயை மாட்டினாள். பாட்டிலை மாப்பிள்ளை கையில் கொடுத்தாள்.

"மாட்டு முதுகு உயரத்துக்குத்தான் பிடிக்கணும். தூக்கினா வேகமா எறங்கும். வேகமா எறங்கினா இதயம் நின்னுடும். முழுசாக் கேட்டியா?"

"கேட்டேன் டாக்டர்."

அவள் காதில் குழாயோடு மாட்டின் நெஞ்சோடு ஒட்டிக் குந்தினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, சுண்ணாம்பு எலும்புக்குத்தானே? எனக்குத் தெரியாத எலும்பா? கர்ப்பப்பை வெறும் சதை. அதுல ஏது சுண்ணாம்பு? எத்தனை கர்ப்பப்பையை வெட்டித் தூக்கிப் போட்டிருக்கேன். ஈரத்துணி மாதிரி இருக்கும்."

"செத்த மாட்டோடதுதானே பாத்திருக்கீங்க. உயிரோட இருக்கும்போது அது கோடிக்கணக்கான நார். ஒவ்வொரு நாருக்கும் கதவு இருக்கு. பிரசவத்துல அந்தக் கதவு திறக்கும். வெளிய ரத்தத்துல இருக்கிற கால்சியம் உள்ளே பாயும். அது உள்ளே போய்க் குத்தினாத்தான் இழை ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்கும். அப்பத்தான் பை இறுகும், கன்னு வெளிய வரும். இந்த மாட்டுக்குக் கதவு திறந்துதான் கெடக்கு. உள்ளே போக ஆளில்லை."

"எங்க போச்சு ஆளு?"

"மடியைப் பாருங்க."

மடி வெடிக்கிற மாதிரி விம்மிக் கிடந்தது.

"ஈனுறதுக்கு முன்னாடியே பால் கட்டி, இருக்கிறதையெல்லாம் மடி உறிஞ்சிடுச்சு. எலும்புல நிறைய இருக்கு, ஆனா அது அவசரத்துக்குக் கரைஞ்சு வராது."

"அப்ப ஒரு ஊசி போடுவாங்களே டாக்டர், போட்டதும் தள்ளுமே?" என்றான் ஸ்பானர். கன்றின் காலை உடைத்தவனுக்கு இப்போது வைத்தியம் வேறு.

"அந்த ஊசி கதவைத்தான் இன்னும் நல்லாத் திறக்கும். ஆளே இல்லாத தெருவுல கதவைத் திறந்து வச்சு என்ன பண்ண?"

நான் விடவில்லை. "என் கடையில தோலை உரிச்சுத் தொங்கவிட்ட தொடை அதுபாட்டுக்குத் துடிக்கும். செத்த பிறகு! அதுக்கு எந்த டாக்டர் வந்து பாட்டில் ஏத்தினாரு?"

"அதுவும் உள்ளே மிச்சம் இருந்த கால்சியம்தான் பெரியவரே."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. இப்படிப்பட்டவர்களைத்தான் நான் நம்புவதே இல்லை.

"என்ன, சொட்டுச் சொட்டா எறங்குது" என்றான் மாப்பிள்ளை. கை வலித்திருக்கும், இல்லை அவசரம் பிடித்திருக்கும். பாட்டிலை உயரத் தூக்கித் தகரத்தின் கீழ் இருந்த கம்பிக் கொக்கியில் மாட்டிவிட்டு, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. அவள் காதில் கேட்டது எனக்குக் கையில் தெரிந்தது. மாட்டின் கழுத்து நரம்பு என் விரலுக்கடியில் தடதடவென்று ஓடி, தடுக்கி, நின்றது. மறுபடி ஒரு உதை. மறுபடி நின்றது. உடம்பு முழுக்கப் பலகையாக விறைத்து, தலை என் மடியிலிருந்து எகிறி என் தாடையில் இடித்தது.

"இறக்கு! பாட்டிலை இறக்குடா!"

அவனுக்குக் கொக்கியிலிருந்து கழற்றத் தெரியவில்லை. நான் உட்கார்ந்தபடியே அவன் முழங்காலுக்குப் பின்னால் உதைத்தேன். அவன் மடங்கி விழும்போது பாட்டிலையும் கம்பியையும் சேர்த்தே பிய்த்துக்கொண்டு விழுந்தான். டாக்டரம்மா குழாயை மடக்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் மாட்டின் நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். அந்தச் சின்ன உடம்புக்குள் அத்தனை வலு எங்கிருந்ததோ. தங்கச்சி தரையில் உட்கார்ந்து தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

நான் கத்தியை எடுத்தேன். கண்ணு நின்றால் இறக்குவேன் என்று சொல்லியிருந்தேன். கண் நின்றிருந்தது.

"பொறுங்க" என்றாள் அவள். "பொறுங்க, பொறுங்க, பொறுங்க."

என் விரலுக்கடியில் நரம்பு ஒரு முறை தட்டியது. சற்றுக் கழித்து இன்னொரு முறை. பிறகு ஓடத் தொடங்கியது. ஆனால் இப்போது ஓடியது வேறு ஓட்டம், கனமாக, உதைத்து உதைத்து.

"இதயமும் சதைதான்" என்றாள், நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு. "கொறைஞ்சாத் துவண்டுடும். ஒரேயடியாப் பாஞ்சா இறுகினது இறுகினபடியே நின்னுடும்."

இந்த முறை பாட்டிலைத் தங்கச்சி வாங்கிக்கொண்டாள். மாட்டின் முதுகு உயரத்தில் பிடித்தாள். கை ஆடவே இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "வெளிய."

"அத்தை, நான்..."

"வெளிய போங்க மாப்ளே."

அவன் போனான்.

பாட்டில் பாதிக்கு வந்தபோது மாட்டின் தோல் நடுங்க ஆரம்பித்தது. விலாவில், தோளில், தொடையில், ஈ மொய்த்தால் சிலிர்க்குமே அப்படி. மூக்கில் வியர்வை முத்து முத்தாகக் கட்டியது. ஒரு நீள ஏப்பம் விட்டது. சாணி போட்டது. கண் திரும்பி என்னைப் பார்த்தது. பார்த்தது என்றால் முறைத்தது.

அதன்பின் வயிறு கல்லானது. அடித்தொண்டையிலிருந்து ஒரு முழக்கம். வெந்த நாக்கு வெளியே தொங்க, ரத்தமும் எச்சிலும் தெறிக்க, அந்த மாடு முக்கியது. காலையிலிருந்து முக்காததையெல்லாம் சேர்த்து முக்கியது.

டாக்டரம்மா நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போய்ப் படுத்தேவிட்டாள். தோள்வரை கை உள்ளே போனது. கன்றின் தலை ஒரு பக்கம் மடங்கியிருந்ததாம். திருப்பப் போனாள். அப்போது பை இறுகியது. அவள் அலறினாள்.

"அம்மா! கை! கை நசுங்குது!"

"வெளிய எடும்மா!"

"விடுங்க! இதுதான் வேணும்!" வலியில் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. பைத்தியமோ என்று நினைத்தேன்.

இறுகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள், தளரும்போது தலையைத் திருப்புவாள். கடைசியில் "ஸ்பானர், கையால, கையால மட்டும், நான் சொல்லும்போது" என்றாள். அவள் "இப்ப" என்றதும் மாடு முக்க, ஸ்பானர் இழுக்க, கன்று வழுக்கிக்கொண்டு வந்து அவள் மார்பின்மேல் விழுந்தது.

காளைக்கன்று. நாக்கு நீலம். கால் ஒடிந்து தோலில் தொங்கியது. டாக்டரம்மா மூக்கில் வைக்கோலை விட்டுக் குடைந்தாள், தலைகீழாகத் தூக்கிப் பிடித்தாள், விலாவைத் தேய்த்தாள், அடித்தாள். கன்றுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

"போயிடுச்சு" என்றாள். "கொஞ்சம் முன்னாடியே."

ஸ்பானர் செயின் பிளாக்கைக் கழற்றிக்கொண்டு யாரையும் பார்க்காமல் எழுந்தான். அந்த நேரம் பார்த்துச் செவலையும் எழுந்தது. முன்னங்கால் முழங்காலில் நின்று, பின்னங்கால் இரண்டையும் உந்தி, ஒரே குலுக்கலில். எழுந்த வேகத்தில் பின்னங்காலை வீசியது. ஸ்பானரின் தொடையில் பட்டு, மனுஷன் செயினோடு சுண்ணாம்பு வாளிமேல் போய் விழுந்தான்.

"ஐயோ, என் தொடை! டாக்டர், எனக்கும் ஒரு பாட்டில் ஏத்துங்க!"

தங்கச்சி சிரித்தாள். சிரித்தவள் அப்படியே மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மாடு அவளை விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டிச் செத்த கன்றை அந்த வெந்த நாக்கால் நக்கியது. நக்கிய இடமெல்லாம் ரத்தம் ஒட்டியது. வலிக்கவில்லையா அதற்கு? நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"இன்னும் முடியலை" என்றாள் டாக்டரம்மா. "பை திரும்பச் சுருங்கணும். சுருங்கலேன்னா பின்னாலேயே வெளிய தள்ளிக்கிட்டு வந்துடும், இல்லேன்னா ரத்தம் நிக்காது. பொம்பளைங்களுக்கும் இதே கதைதான்." மறுபடி கை விட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஈரத்துணின்னு சொன்னீங்களே பெரியவரே. வாங்க. தொட்டுப் பாருங்க."

வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் கையுறையை நீட்டிக்கொண்டே நின்றாள். தங்கச்சியும் பார்த்தாள். போட்டுக்கொண்டேன்.

உள்ளே கொதித்தது. வெட்டியெடுத்த கர்ப்பப்பை என் கைக்கு அத்துப்படி. குளிர்ந்து, குழைந்து, வழுக்கிக்கொண்டு ஓடும். இது வேறு. இது என் கையைத் தேடி வந்தது. நான்கு பக்கமும் மெல்லச் சேர்ந்து, விரலை நெருக்கி, மணிக்கட்டைப் பிடித்து, எலும்போடு எலும்பை வைத்து நெரித்தது. வாழ்நாளெல்லாம் சதையைப் பிடித்தவன் நான். சதை என்னைப் பிடித்தது அன்றைக்குத்தான். கையை உருவ முடியவில்லை. அதுவாக விடும்வரை நின்றேன்.

"நம்புறீங்களா இப்போ?" என்றாள்.

"கை வலிக்குதும்மா. அதுதான் எனக்குத் தெரியும்."

"கால்சியம் இல்லேன்னா அந்தப் பிடி இருக்காது."

"வாளியில இருந்ததும் சுண்ணாம்புன்னு அவன் சொன்னான், வாய் வெந்துச்சு. பாட்டில்ல இருந்ததும் சுண்ணாம்புன்னு சொல்றீங்க. மெதுவா விட்டா உயிர் வருதாம், வேகமா விட்டா உயிர் போகுதாம். இப்படி ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாத்திப் பேசுற சரக்கை நான் எப்படிம்மா நம்புறது?"

"பின்னே எது எழுப்பி விட்டுச்சுன்னு நினைக்கிறீங்க?"

"கோவம்."

"என்னது?"

"கோவம்மா. வாயைச் சுட்டான், கன்னு காலைக் கட்டி இழுத்தான், நான் கழுத்துல கத்தி வச்சேன், நீ நெஞ்சுல குத்தினே. எனக்கு அப்படிச் செஞ்சிருந்தா நானும்தான் எந்திரிச்சு உதைச்சிருப்பேன்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவள், இதற்கு மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அடக்கட்டும்.

கையுறையை உருவி எறிந்தேன். தண்ணீர்த் தொட்டியில் கை கழுவினேன். கத்தியைச் சாக்கில் சுற்றினேன். ஒன்றும் வெட்டாமல் திரும்புவது எனக்குப் பழக்கமில்லை.

"அண்ணே, இருண்ணே. டீ போடுறேன்" என்றாள் தங்கச்சி.

"மாட்டைப் பாரு."

"நீ வந்ததாலதான்..."

"நான் வந்தது அறுக்கிறதுக்கு. உளறாதே."

வாசலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். முறுக்கிய காது சிவந்து வீங்கியிருந்தது. "மாமா, மாடு?" என்று கேட்டான். எழுந்து நிற்கிறது என்றேன். "சுண்ணாம்பு வேலை செஞ்சிருச்சு பாத்தீங்களா" என்றான். இன்னொரு காதையும் முறுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். உதடு எரிந்தது, விலா வலித்தது. விட்டுவிட்டேன்.

வெல்டிங் பட்டறைக்காரன் பொறி பறக்க எதையோ அறுத்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவனைத் தாண்டினேன். இறுக்கிப் பிடித்த இடம் விரல் விரலாகச் சிவந்திருந்தது. தண்ணீர் மாதிரி ஒரு மருந்து, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு, அது போய்க் கதவைத் தாண்டிக் குத்துமாம், இழை பிடித்து இழுக்குமாம். யார் பார்த்தது? அப்படியே பாட்டிலில் கோபத்தைக் கரைத்து வைத்திருக்கிறோம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால், அதைவேண்டுமானால் பாதி நம்பியிருப்பேன். கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தேன். நடையை எட்டிப் போட்டேன்.